பதினைந்தாம் எண்ணுக்கு நேரே பூஜ்யம்

என் மச்சினன் எனக்குத் தரவேண்டியது ஆறாயிரத்து நானூற்று ஐம்பது. மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்காக வாங்கியது. வண்டி அவனுடையது. எஞ்சின் படுத்துவிட்டபோது மெக்கானிக் கையில் போன பணம் என்னுடையது. "அடுத்த மாசம் தந்துடறேன் மாமா" என்றான். அந்த அடுத்த மாசம் வரும் வழியில் எங்கேயோ பஞ்சராகி நின்றுவிட்டது.

கேட்டால் நியாயம் பேசுவான்.

"பின்னாடி உட்கார்ந்து வர்றது யாரு? நான் ஒருத்தன் போய் வர்றதுக்கா எஞ்சின் போட்டேன்?"

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் என் பதில் தயாராக இருக்கும். "பின் சீட்டுக்கு வேணா காசு எடுத்துக்கோ மாப்ளே. எஞ்சின் முன்னாடிதானே இருக்கு?"

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரி, அதாவது அவனுடைய அக்கா, குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் நியாயம் யார் பக்கம் என்று காதில் விழாது. புருஷனையும் தம்பியையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்திருக்கிறவளுக்கு வேறு வழியும் கிடையாது. அவன் எங்கள் மாடியறையில் இருக்கிறான். சாப்பாடு கீழே.

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுச் சாமான் கிடங்கு ஒன்றில் சுமை ஏற்றுகிறவர்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரும்பு பீரோ. ஒற்றை ஆள் தூக்குகிற சாமான் எதுவும் அங்கே இல்லை. தோளில் ஆளுக்கொரு பட்டை மாட்டி, அதைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து, எதிரும் புதிருமாக நின்று ஒரே மூச்சில் எழுந்திருக்க வேண்டும். ஒருத்தன் அரை நொடி முந்தினால் மற்றவன் இடுப்பு போய்விடும். நானும் அவனும் இதில் பேசிக்கொள்வதே இல்லை. அவன் "ம்" என்பான். நான் "ம்" என்பேன். பெட்டி லாரிக்குள் இருக்கும். மற்ற ஆட்கள் ஜோடி மாறுவார்கள், ஆளுக்கொரு நாள் லீவு போடுவார்கள். நாங்கள் மாறியதில்லை. வண்டி ஒன்று என்பதால் வருகையும் ஒன்று. வண்டி கிளம்பாத நாளில் இரண்டு பேருக்கும் லீவு.

மாதச் சம்பளம் போக ஊக்கத்தொகை என்று ஒன்று உண்டு. மொத்தம் எத்தனை பெட்டி ஏறியதோ அதற்கு ஒரு தொகை. அதை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துவிடுவார்கள். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்வோம். புது மேனேஜர் வந்தார். அவருக்கு அந்த முணுமுணுப்பு காதில் விழுந்துவிட்டது.

லாரி நிற்கும் மேடையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேசினார்.

"இனிமே உழைக்கிறவனுக்குத்தான் காசு. சும்மா கூட நடக்கிறவனுக்கு இல்ல. யாரு எவ்வளவு தூக்கினான்னு மேஸ்திரியும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். கணக்கு சொல்லும். கணக்குக்கு மாமன் மச்சான் கிடையாது."

கடைசியில் தன்னையே உதாரணம் காட்டினார். "என்னைப் பாருங்க. இங்க சேர்ந்ததுல இருந்து ஒரு ஷிஃப்ட் விட்டிருக்கேனா? காலையிலயும் கையெழுத்து, மதியமும் கையெழுத்து!"

அது நிஜம்தான். மதிய ஷிஃப்டில் கண்ணாடி அறைக்குள் அவர் வாயைத் திறந்தபடி உறங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உறங்குவார்.

கணக்குப் போட ஒரு மேடம் வந்தார். புள்ளிவிவரம் படித்தவர் என்பதால் எங்களுக்குள் 'புள்ளி மேடம்'. நல்ல மாதிரி. எங்களிடமும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் யார் யார் வந்தார்கள், எத்தனை பெட்டி ஏறியது என்று கம்ப்யூட்டரில் கொடுப்பாராம். ஒரு ஆள் வராதபோது பெட்டி எவ்வளவு குறைகிறதோ அதுதான் அவன் தூக்கியது என்று கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்லிவிடுமாம். ஆளில்லாதபோதுதான் ஆளின் அருமை தெரியும் என்பது கம்ப்யூட்டருக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு மரியாதையாகக்கூட இருந்தது.

மாதம் முடிந்ததும் பலகையில் தாளை ஒட்டினார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். 'இந்தப் பக்கம் மேலே', 'கவனம், உடையும்' என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, தலை நரைக்கிற வயசில் படித்துக்கொண்டது. மனிதர்கள் மேல் அப்படி எதுவும் அச்சடிக்காததால் அவர்களைப் படிப்பது இன்னும் கைகூடவில்லை. எண் மட்டும் சட்டென்று வந்துவிடும். பதினாலு என் எண். அதற்கு நேரே இருபத்தெட்டு, ஒரு ஷிஃப்டுக்கு அத்தனை பெட்டி. மற்றவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு, பதிமூன்று, அதிகம் போனால் பதினைந்து. கிடங்கிலேயே நான்தான் முதல்!

பதினைந்து என் மச்சினன் எண். அதற்கு நேரே பூஜ்யம்.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு மாதம் தொடர்ந்து பூஜ்யம் வாங்குகிறவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார்.

நெட்டையாக ஒரு ஆள் எங்களோடு வேலை செய்கிறான். ஒட்டகம் என்று கூப்பிடுவோம். அவன்தான் ஆரம்பித்தான்.

"யோவ், உன் மாமா தூக்கும்போது நீ எதிர்ல நின்னு கதவு மாதிரி புடிச்சுக்கிட்டு இருந்தியா?"

"காத்துக்கு ஆடாம புடிச்சிருப்பாண்டா" என்றான் இன்னொருத்தன்.

"இனிமே பூஜ்யம்னே கூப்பிடலாம். வட்டமா, அழகா இருக்கான்ல?"

மச்சினன் யாரையும் திட்டவில்லை. தாளுக்கு மிக அருகில் போய், எண்ணுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஏதாவது உதிர்ந்து விழுந்திருக்குமோ என்பதுபோல விரலால் தடவிப் பார்த்தான்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு போட்டோ எடுத்தார். "சிரிங்க" என்றார். கண்ணாடி அறைக்கு வெளியே 'இம்மாதத்தின் சிறந்த உழைப்பாளி' என்று மாட்டினார். கடன்காரனைத் தெருவில் பார்த்தவன் மாதிரி அதில் நான் இருந்தேன். கையில் ஒரு உறையும் கொடுத்தார். ஒன்பதாயிரத்து எண்ணூறு.

அன்று வண்டியில் வீடு வரும்வரை மச்சினன் முதுகு முதுகாகவே இருந்தது; திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, உட்கார்ந்த பிறகு சொன்னான்.

"அதுல பாதி என்னுது மாமா."

"தாள்ல அப்படிப் போடலையே?"

"தாளா தூக்குச்சு ஃபிரிட்ஜை?"

"சரி, பாதி உன்னுதுன்னே வச்சுக்கோ. நாலாயிரத்துத் தொள்ளாயிரம். எனக்குத் தரவேண்டியதுல கழிச்சுக்கிட்டா இன்னும் ஆயிரத்து ஐந்நூத்தி ஐம்பது நீ தரணும்."

"பாத்தியாக்கா! என் காசை எடுத்து என் கடனுக்கே கட்டிட்டு, மீதியை வேற கேக்கறாரு!"

"உன் காசுன்னு யாரு சொன்னா? பதினாலுக்கு நேரே இருபத்தெட்டு. நீ பார்த்தேல்ல?"

நான் விளையாட்டுக்குத்தான் அப்படி ஆரம்பித்தேன். ஆனால் அச்சடித்த எழுத்துக்கு ஒரு வசியம் உண்டு. சற்று முன் கைகால் கழுவியபோதே கண்ணாடியில் என் தோளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்திருந்தேன். எல்லாம் நானே தூக்கியதாகத்தான் இருக்குமோ என்று ஒரு மூலையில் தோன்றியது. அவன் எதிரில் நிற்பது தெரியும். தூக்குகிறானா இல்லையா என்று நான் குனிந்து பார்த்ததில்லையே?

வீட்டுக்காரி குழாயைத் திறக்கவில்லை. நேராக வந்து உறையைப் பிடுங்கி மாவு டின்னுக்குள் போட்டு மூடினாள்.

"யாரு காசுன்னு தெரியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. கடனைப் பத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. வெக்கமா இல்ல ரெண்டு பேருக்கும்? அவன் வேலை போகப் போகுது, அதைப் பத்திப் பேசக் காணோம்."

மறுநாள் புள்ளி மேடத்திடம் போனோம். மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் அவருக்கு ஒரு மேஜை.

"நான் வேலையே செய்யலைன்னு சொல்லுதா மேடம்?" என்றான் மச்சினன்.

"இல்லைங்க. உங்களைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லலை. உங்களையெல்லாம் எங்க கணக்குல 'மாறி'ன்னு சொல்லுவோம்..."

"நாங்க எங்க மேடம் மாறினோம்?"

"அதாங்க பிரச்சினை! ஒரே ஷிஃப்ட், ஒரே லீவு. உங்க மாமா இல்லாம நீங்க ஒரு தடவைகூட வந்ததில்ல, நீங்க இல்லாம அவரும் வந்ததில்ல. கூடுற பெட்டி யாரால கூடுச்சுன்னு கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்? ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு அதால பிரிக்க முடியாது. அதனால ஒருத்தரை வெளிய எடுத்துட்டு, இருக்கிறது எல்லாத்தையும் இன்னொருத்தர் பேர்ல எழுதிடும்."

"யாரை எடுக்கணும்னு யாரு முடிவு பண்றது?"

"யாரும் இல்ல. வரிசையில பின்னாடி யாரு இருக்காங்களோ அவங்களை."

மச்சினன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று வாசலில் என்னை இறக்கிவிட்டு அவன் வண்டியை நிறுத்தப் போனான். நான் போய் வரிசையில் நின்றுகொண்டேன். எனக்குப் பதினாலு, வண்டியைப் பூட்டிவிட்டு வந்தவனுக்குப் பதினைந்து.

"அப்போ நான் வண்டியை நடு ரோட்டுல போட்டுட்டு வந்திருந்தா எனக்கு இருபத்தெட்டா மேடம்?"

"ஆமாங்க" என்றார் மேடம். அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. "நான் உங்க பேருக்கு நேரே கோடுதான் போட்டேன். தலைமை ஆபீஸ் படிவத்துல கோடு ஏறாது, எண்தான் ஏறும். அதுவா பூஜ்யம் போட்டுக்குச்சு. வாங்க, சார்கிட்ட சொல்லுவோம்."

மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

"இருங்க. பதினஞ்சை எடுத்துட்டுப் போட்டாலும் மொத்தக் கணக்கு அப்படியே சரியா வருதா, இல்லையா?"

"வருது சார். ஆனா..."

"வருதுல்ல? அப்போ அவரு இல்லாமலே கிடங்கு ஓடும்னுதானே அர்த்தம்?"

"பதினாலை எடுத்துட்டுப் பதினஞ்சை வச்சாலும் அதே மாதிரிதான் வரும் சார்."

மேனேஜர் ஒரு கணம் யோசித்தார். கண்ணாடிக்கு வெளியே தொங்கிய என் படத்தைப் பார்த்தார்.

"அவரை எப்படிம்மா எடுக்கறது? போட்டோ மாட்டியாச்சே."

"ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஜோடின்னு போட்டு, வர்றதைப் பாதிப் பாதியாப் பிரிச்சுடலாம் சார். அதுதான் நியாயம்."

"படிவத்துல ஒரு கட்டத்துக்கு ஒரு தலை. ரெண்டு தலை போட இடமில்ல. கணக்கு தன் வேலையைச் செய்யட்டும், நாம தலையிட வேண்டாம்."

வெளியே வந்ததும் மேடம் எங்களுக்கு ஒரு வழி சொன்னார். "அடுத்த மாசம் வேற வேற ஷிஃப்டுக்கு வாங்க. சில தடவை இவர், சில தடவை நீங்க. அப்பதான் தனித்தனியாத் தெரியும். நடு நடுவுல சேர்ந்தும் வாங்க, மறந்துடாதீங்க."

முதல் பாதியை வேத வாக்காக எடுத்துக்கொண்டோம். கடைசியில் சொன்னதை, விருந்தாளியை அனுப்பும்போது "அடிக்கடி வந்துட்டுப் போங்க" என்று சொல்வார்களே, அந்த வகையில் சேர்த்துவிட்டோம்.

வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். கிடங்கில் தினம் இரண்டு ஷிஃப்ட், காலை ஒன்று, மதியம் ஒன்று. ஒரு வாரம் நான் காலை, அவன் மதியம். மறு வாரம் அவன் காலை, நான் மதியம். வீட்டுக்காரி இதில் கறாராக இருந்தாள். "உறையும் கடனும் நடுவுல இருக்கு. ஒருத்தன் ஒரு ஷிஃப்ட் அதிகம் போனேன், குறைச்சுப் போனேன்னு நாளைக்கு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. ஆளுக்குச் சரிபாதி. சேர்ந்து போற பேச்சே வேண்டாம், அப்புறம் பழையபடி குழம்பும்." எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இதைவிடச் சுத்தமாக இரண்டு பேரைப் பிரிக்க முடியுமா?

அந்த மாதம் நான் பட்ட பாடு நாய் படாது. பஸ்ஸில்தான் போனேன். கம்பியில் தொங்கி, இடிபட்டு, இறங்கி, வேலைக்கு முன்னாலேயே பாதி வேலை செய்தவனாகக் கிடங்குக்குள் நுழைந்தேன். என் முன் சீட்டுக்காரன் முதுகை நான் இவ்வளவு நாள் காற்றுக்கு மறைப்பாக வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. வேலையில் எனக்குப் பெரும்பாலும் ஜோடி ஒட்டகம். அவன் உயரத்துக்கு ஃபிரிட்ஜ் என் பக்கமே சாயும். அவனுக்கு "ம்" புரியாது. "ரெடியா? தூக்கலாமா? இப்பவா?" என்று கேட்டுக்கேட்டு, நான் எழுந்த பிறகுதான் எழுவான். ஒரு வாஷிங் மெஷின் மூலை நசுங்கியது. என் இடுப்பும் நசுங்கியது.

மச்சினனைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. நான் விட்டுவிட்டு வந்த பட்டையை அவன் எடுத்து மாட்டுவான். மறுநாள் போனால் கொக்கி அவனுடைய ஓட்டையில் இருக்கும். நான் என் ஓட்டைக்கு மாற்றிக்கொள்வேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். கடனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்க ஆள் வேண்டுமே. ஒரு தடவை எனக்கு நல்ல காய்ச்சல். லீவு போட்டால் கணக்கு கெட்டு அவன் வேலைக்கு ஆபத்தாகிவிடும் என்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன். அவனுக்குக் காலில் நகம் பெயர்ந்தது. அவனும் அதே யோசனையில் நொண்டிக்கொண்டே போனான். மாமன் மச்சான் பாசம் என்றால் அதுதான் என்று வீட்டுக்காரி அக்கம்பக்கத்தில் சொன்னாளாம்.

மாதம் முடிந்தது. தாள் வந்தது.

பதினைந்துக்கு நேரே பூஜ்யம்.

பதினாலுக்கு நேரே இரண்டு. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. தாளில் இருந்த தூசு என்று நினைத்து ஊதினேன். போகவில்லை.

"மைனஸ்டா!" என்றான் ஒட்டகம். "யோவ், நீ ஏத்தின பெட்டியைத் திருப்பி இறக்கினியா?"

மேடத்தின் மேஜைக்கு ஓடினோம். அவர் எங்களுக்கு முன்னாலேயே தலையில் கை வைத்திருந்தார்.

"நடுவுல சேர்ந்தும் வாங்கன்னு சொன்னேனேங்க!"

"நல்லாப் பிரிஞ்சுதானே மேடம் வந்தோம். ஒரு ஷிஃப்ட்கூடச் சேரலையே."

"அதுதான். ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் உங்கள்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா இருந்திருக்கீங்க. இவர் இருந்தா நீங்க இல்ல, நீங்க இருந்தா இவர் இல்ல. ஒருத்தரைப் பார்த்தாலே இன்னொருத்தரைச் சொல்லிடலாம். போன மாசம் ஒட்டிக்கிட்டு வந்தீங்க, இந்த மாசம் வெட்டிக்கிட்டு வந்தீங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் இல்லாத ஷிஃப்ட் ஒண்ணு இருந்திருந்தாக்கூடப் பிரிச்சிருக்கும். ஒரு நாள் லீவு போட்டிருக்கக் கூடாதா?"

நான் காய்ச்சலை நினைத்துக்கொண்டேன். அவன் குனிந்து கால் நகத்தைப் பார்த்தான்.

"அந்த மைனஸ் ரெண்டு என்ன மேடம்?" என்றேன்.

"மறுபடியும் வரிசையில பின்னாடி இருக்கிறவரை எடுத்துடுச்சு. ஆனா இந்தத் தடவை அவர்தான் அளவுகோல். அவர் இருக்கிற ஷிஃப்டை விட நீங்க இருக்கிற ஷிஃப்ட்ல ரெண்டு பெட்டி குறைச்சல்."

வேலை போகப் போகிறவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "ரெண்டு பெட்டி! மாமாவை விட ரெண்டு பெட்டி! இதை எழுதித் தருவீங்களா மேடம்? அக்காகிட்டக் காட்டணும்."

"என் ஜோடி ஒட்டகம்டா" என்றேன்.

"கணக்குக்கு ஒட்டகம் தெரியாது மாமா."

அதற்குள் மேனேஜர் எங்களைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். வெளியே என் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"பதினஞ்சு ரெண்டு மாசமா பூஜ்யம். விதிப்படி இன்னையோட கணக்கு முடிச்சுக்கலாம். பதினாலு அதைவிட மோசம். சும்மா இருக்கிறவனையாவது மன்னிக்கலாம், இருக்கிறதைக் குறைக்கிறவனை என்ன பண்றது? நீங்களும் கிளம்புங்க. குறைச்சதுக்கு உண்டான தொகையைப் பிடிச்சுக்கிட்டு மீதி சம்பளம் வரும்."

மச்சினன் முகத்தில் இருந்த விளக்கு அணைந்தது. எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில்தான் அந்த வீட்டு வாடகையும் மாவு டின்னும் ஓடுகின்றன. மேடம் என்னவோ சொல்ல வந்தார். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை விடுங்க. தலைமை ஆபீஸுக்கு அறிக்கை இப்பவே போகணும். அதுல என்னையும் சேருங்க. இந்தக் கிடங்குல பெட்டி ஏறுறது யாராலன்னு அவங்களுக்குத் தெரியட்டும். ரெண்டு மாசத்துக்கும் சேர்த்தே போடுங்க."

"சார், நீங்க ஒரு ஷிஃப்ட் விடாம இருந்திருக்கீங்க" என்றார் மேடம்.

"அதேதான்! அதைத்தான் காட்டணும்கிறேன்."

"ஒரு ஷிஃப்ட்கூட விடலைங்கிறதாலதான் சார் சொல்றேன். உங்களைச் சேர்த்தா..."

"சேருங்கம்மா. கணக்கு தன் வேலையைச் செய்யட்டும்."

மேடம் அவரை ஒரு தடவை பார்த்தார். எங்களை ஒரு தடவை பார்த்தார். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். விசைப்பலகைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. படிவம் போய்ச் சேர்ந்தது. மேடம் திரும்பி வந்து நின்றார்.

நாங்கள் கணக்கு முடிப்பதற்கான தாளில் கையெழுத்துப் போட நின்றுகொண்டிருந்தோம். என் கையெழுத்துக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அன்று வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் போட்டேன். முதல் எழுத்தின் சுழி முடியும் முன்பே மேனேஜரின் போன் அடித்தது.

முதலில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் எடுத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"பூஜ்யமா சார்? எனக்கா? ரெண்டு மாசமுமா? இருக்காது சார், நான் ஒரு ஷிஃப்ட்கூட... ஆமா சார், விதி நான் எழுதினதுதான்... என்னை எடுத்துட்டுப் போட்டாலும் மொத்தம் அப்படியே வருதா? அது வந்து சார்..."

போனைக் கையால் பொத்திக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். எங்களைக் கதவுக்கு வெளியே போகச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மேடம் மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தார். "நீங்க எப்பவும் இருக்கீங்க சார். இல்லாதப்போ என்ன ஆகும்னு கணக்குக்குத் தெரியாது. அதனால வெளிய எடுத்துடுச்சு."

"நான் எப்பவும் இருக்கேன் சார், அதனால வெளிய எடுத்துடுச்சு" என்றார் மேனேஜர் போனில்.

"பூஜ்யம்னா வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்ல சார். அளக்க முடியலைன்னு அர்த்தம்" என்றார் மேடம்.

"அளக்க முடியாத வேலை சார் என்னுது!"

மறுமுனை என்னவோ சொன்னது. மேனேஜர் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை, மேல் தளத்திலிருந்து பீரோ இறங்குவதைப் பார்ப்பது போல நாங்கள் படிப்படியாகப் பார்த்தோம்.

"லீவா சார்? ஒரு மாசமா? நான் இல்லாதப்போ பெட்டி குறையுதான்னு... அதெல்லாம் எதுக்கு சார், அவ்வளவு சிரமம்... இல்ல சார், வேண்டாம் சார்... அந்தக் கணக்கே சரியில்ல சார், எனக்கு முதல்ல இருந்தே ஒரு சந்தேகம். நானே மேடம்கிட்ட சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்..."

போனை வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மேஜை மேல் இருந்த எங்கள் தாள்களைப் பார்த்தார். எங்களை, அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர்போல, சொந்தக்காரர்களைப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"பாருங்க, நம்ம மாதிரி ஆளுங்களை எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் புரிஞ்சுக்காது" என்றார்.

'நம்ம மாதிரி' என்றதும் மச்சினன் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தான்.

மறுநாள் பலகையில் வேறு தாள். 'கணக்கில் தெரியாத உழைப்பும் உழைப்பே' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே மேனேஜர் கையெழுத்து. யாருக்கும் நீக்கம் கிடையாது. ஊக்கத்தொகை பழையபடி எல்லோருக்கும் சமம். போன இரண்டு மாதத்துக்கும் அப்படியே. பதினாலாம் எண் கூடுதலாக வாங்கியதைப் பதினைந்தாம் எண்ணோடு அவர்களே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளவும் என்று எங்களுக்காகவே ஒரு வரி. ஒட்டகம் அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, "மாவு டின்னுக்கே ஆர்டர் போட்டுட்டாங்கப்பா" என்றான். மாவு டின் விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் லாரியைப் பார்த்தான்.

அன்று காலை ஷிஃப்டில் பட்டையைக் கையில் எடுத்தேன். கொக்கி அவனுடைய ஓட்டையில் இருந்தது. அவனிடமே நீட்டிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். பெரிய ஃபிரிட்ஜ். அவன் "ம்" என்றான். நான் "ம்" என்றேன்.

மாலையில் வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. ஜன்னலில் தொங்கியவர்களைப் பார்த்துக் கையசைக்கலாமா என்று தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரி டின்னிலிருந்து உறையை எடுத்து, மாவைத் தட்டி, இரண்டாக எண்ணி வைத்தாள். எனக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம். அவனுக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம். வைத்துவிட்டு, இனி என்ன பேச்சு வரும் என்று தெரிந்தவளாய்க் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் கொட்டியது.

அவன் தன் பங்கை எடுத்து ஒரு தடவை எண்ணினான். அப்படியே என் பக்கம் தள்ளினான்.

"எஞ்சின் காசு மாமா. மீதி ஆயிரத்து ஐந்நூத்தி ஐம்பது அடுத்த மாசம்."

நான் அந்த நோட்டுக் கட்டைப் பார்த்தேன். பஸ் கம்பி ஞாபகம் வந்தது.

"அந்த எஞ்சின் இழுத்ததுல உன்னை எவ்வளவு இழுத்துச்சு, என்னை எவ்வளவு இழுத்துச்சுன்னு யாராவது பிரிச்சுச் சொல்லட்டும் மாப்ளே. அப்புறம் வாங்கிக்கிறேன்."

"மேடத்தாலயே முடியலையே."

"அப்போ என்ன பண்றது?"

அவன் பணத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னான்.

"பழக்கப்பட்டவன்தானே மாமா. என் பேருக்கு நேரே பூஜ்யம் போட்டுடுங்க."

குழாய்ச் சத்தம் நின்றது. அக்காக்காரி ஈரக் கையோடு வாசற்படியில் நின்று என் வாயையே பார்த்தாள்.

போட்டுவிட்டேன்.